லீவு நாளில் மகளைக் கம்பெனிக்குக் கூட்டிப் போனேன்… என் வேலை போய்விடுமா?

திருப்பூர்ப் பக்கமிருந்து ஒரு வாசகி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 34. ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் ஆறு வருடமாகச் செக்கிங் வேலை. சுமார் 400 பேர் வேலை செய்யும் இடம், பாதிக்கு மேல் பெண்கள். கணவருக்குச் சாயப்பட்டறையில் நைட் ஷிப்ட். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 4. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மாமியார் மே மாதம் ஊருக்குப் போய்விட்டார். ஒரு வெள்ளிக்கிழமை மகனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, மகளைக் கம்பெனிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். "நீ அங்க என்னம்மா செய்யறே, நானும் பாக்கறேன்" என்று அவள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாளாம். முந்தின நாளே சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டார். "சரி, ஓரமா உக்கார வைங்க" என்றிருக்கிறார் அவரும்.

காலை முழுக்க அந்தப் பிள்ளை மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தது. மதியத்துக்கு மேல் ஷிப்மென்ட் அவசரம். "சும்மாதானே உக்காந்திருக்கே கண்ணு, இந்தப் பிசிறை வெட்டு" என்று சூப்பர்வைசரே டிரிம்மரை எடுத்துக் கையில் கொடுத்தார். மகளுக்கும் சந்தோஷம். ஒரு மணி நேரத்தில் முப்பது, நாற்பது பீஸ் வெட்டியிருப்பாள். அந்த நேரம் பார்த்து, சரக்கு வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தின் சார்பில் ஆடிட்டுக்கு (கம்பெனி விதிப்படி நடக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு) ஆள் வந்துவிட்டார்கள். போட்டோ எடுத்தார்கள், மகளின் பெயரும் வயதும் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் சனிக்கிழமை சம்பளம் வாங்கப் போனவரிடம், "கூப்பிடும்போது வாங்க, அதுவரைக்கும் வர வேண்டாம்" என்று ஹெச்.ஆர். சொல்லிவிட்டார். ஒரு கடிதத்தையும் நீட்டியிருக்கிறார்கள்: யாருக்கும் தெரியாமல் நானே மகளைக் கூட்டி வந்தேன், நானே வேலை செய்ய வைத்தேன், நிர்வாகத்துக்கு இதில் தொடர்பில்லை. கையெழுத்துப் போட்டால் வேலை உண்டு, ஆனால் அபராதமாக 3,000 ரூபாய் பிடிப்பார்களாம். வாரச் சம்பளமே 3,200.

அவருடைய கேள்விகள்: என் மேல் குழந்தைத் தொழிலாளர் கேஸ் ஆகிவிட்டதா? பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் அம்மாவுக்கு உதவி செய்யலாம் என்று சட்டமே சொல்கிறதாமே? கம்பெனியில் க்ரீச் ரூம் (வேலை செய்பவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அறை) இருந்தும் பூட்டியே கிடக்கிறது, அது திறந்திருந்தால் மகளை அங்கே விட்டிருப்பேனே, தப்பு அவர்களுடையதுதானே? கையெழுத்துப் போடுவதா, வேண்டாமா? கடைசி வரியில், "என்னாலதான் உனக்கு வேலை போச்சாம்மா?" என்று மகள் கேட்டதாக எழுதியிருக்கிறார்.

சகோதரி, முதலில் ஒரு விஷயம். ஆடிட் வேறு, கேஸ் வேறு. வந்தவர்கள் அரசு ஆய்வாளர்கள் அல்ல. சரக்கு வாங்கும் நிறுவனத்துக்கும் உங்கள் முதலாளிக்கும் இடையிலான ஒப்பந்தத்தின்படி வந்தவர்கள். அவர்கள் எழுதும் அறிக்கை அந்த இருவருக்குள் நடக்கும் சமாசாரம். அதை வைத்து யாரும் இன்றைக்கு உங்கள் வீட்டுக் கதவைத் தட்டப் போவதில்லை. நாளைக்கே தொழிலாளர் துறை வந்து விசாரித்தாலும், சட்டத்தின் முதல் பார்வை முதலாளி மேல்தான் விழும். 1986-ஆம் வருடத்துக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல் திருத்தினார்கள். அதன்படி 14 வயதுக்குள் இருக்கும் பிள்ளையை வேலைக்கு வைத்தவருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெற்றோருக்கு முதல் முறை தண்டனை கிடையாது என்று அதே சட்டம் சொல்கிறது. ஒரு முறை குற்றம் உறுதியாகி மறுபடியும் அதையே செய்தால்தான் அபராதம், அதுவும் 10,000 ரூபாய்க்குள். ஆகவே ஜெயில் பயத்தை விட்டுவிடுங்கள். தூக்கமில்லாமல் எழுதிய கடிதம் என்பது கையெழுத்திலேயே தெரிகிறது.

இதற்காக, நடந்தது ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

விடுமுறையில் உதவி செய்யலாம் என்று நீங்கள் கேள்விப்பட்டது பாதி உண்மை. பள்ளி நேரம் போக, அல்லது விடுமுறையில், தன் குடும்பமே நடத்தும் தொழிலில் ஆபத்தில்லாத வேலைக்குப் பிள்ளை கைகொடுக்கலாம் என்றுதான் சட்டத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டில் இட்லிக் கடை இருந்து, மகள் இலை எடுத்து வைத்தால் அது அந்த விதிக்குள் வரும். நீங்கள் சம்பளத்துக்குப் போகும் கம்பெனி உங்கள் குடும்பத் தொழில் ஆகாது. அங்கே ஒரு பீஸ் பிசிறு வெட்டினாலும் அந்தச் சலுகை கிடையாது. காசு கொடுக்கவில்லையே என்பதும் எடுபடாது.

அவள் சும்மா உட்கார்ந்திருந்தவரை எல்லாம் சரிதானே என்று கேட்பீர்கள். அதுவும் அவ்வளவு சரியில்லை. 1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 103-ஆம் பிரிவு என்று ஒன்று. இடைவேளை நேரம் தவிர, வேலை நடக்கும்போதோ மிஷின் ஓடும்போதோ ஒருவர் உள்ளே காணப்பட்டால், அவர் அங்கே வேலை செய்பவர் என்றே எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று காட்டுவது நிர்வாகத்தின் பொறுப்பு. சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வைத்துவிட்டு, ஆய்வாளர் வந்ததும் "சாப்பாடு கொண்டு வந்த பிள்ளைங்க" என்று சொல்லும் பழைய தந்திரத்துக்குப் போட்ட பூட்டு அது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்து அந்தப் பழைய சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டன. ஆனாலும் முக்கால் நூற்றாண்டாக அந்தக் கண்ணோடு பார்த்துப் பழகியவர்கள் ஓடும் லைனில் ஒரு பிள்ளையைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். உங்கள் மகள் கையில் டிரிம்மர் வேறு இருந்திருக்கிறது.

ஆடிட்டர் ஏன் இவ்வளவு பதறுகிறார் என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1990களில் திருப்பூரில் கைமடியாக, அதாவது கைவேலைக்கு உதவியாளாக, எத்தனை சின்னப் பிள்ளைகள் வேலை பார்த்தார்கள் என்று உங்கள் மாமியார் வயதுக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். 1992-ல் அமெரிக்காவில் டாம் ஹார்கின் என்ற செனட்டர், குழந்தைகள் கைபட்ட பொருளை இறக்குமதி செய்யக் கூடாது என்று ஒரு மசோதா கொண்டுவந்தார். அது கடைசிவரை சட்டமாகவில்லை. ஆனால் பெயர் கெட்டுப்போகும் என்ற பயம் பெரிய துணிக்கடைகளைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பயத்தில் எழுதிய விதிகளைத்தான் இன்றைக்கு ஆடிட்டர் கையில் வைத்துக்கொண்டு வருகிறார். இங்கேயும் சிவகாசி தீப்பெட்டித் தொழிலை வைத்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996-ல் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று சொன்னது. அந்தப் பிள்ளையின் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு முயற்சி செய்ய வேண்டும் என்றும் சொன்னது. இந்த இரண்டாவது பகுதி உங்களுக்கு உதவும், அதற்குப் பிறகு வருகிறேன்.

அந்தக் கடிதம்

கையெழுத்துப் போடாதீர்கள்.

"நானே வேலை செய்ய வைத்தேன்" என்ற ஒரு வரி போதும், டிரிம்மரைக் கையில் கொடுத்தவர் தப்பித்து, பழி முழுக்க உங்கள் தலையில் வந்து விழும். பின்னால் வேலையை விட்டு நீக்கினாலும் "அவரே ஒப்புக்கொண்டாரே" என்று அதைத்தான் காட்டுவார்கள். அதற்காகக் கடிதமே தராமல் முறுக்கிக்கொண்டு நிற்கவும் வேண்டாம். உங்கள் வார்த்தையில், நடந்ததை நடந்தபடி ஒரு பக்கம் எழுதுங்கள். எந்தத் தேதியில் யாரிடம் அனுமதி கேட்டீர்கள், அவர் என்ன சொன்னார், மகள் எத்தனை மணி வரை சும்மா இருந்தாள், டிரிம்மரை யார் கொடுத்தது. உங்கள் பக்கத்துத் தவறையும் மறைக்காதீர்கள். வேலை நடக்கும் இடத்துக்குப் பிள்ளையைக் கூட்டி வந்தது நான்தான், இனி அப்படிச் செய்யமாட்டேன் என்று ஒரு வரி எழுதினால் அந்தக் கடிதத்துக்கு மதிப்புக் கூடும். பக்கத்து மேசைக்காரர் இருவர் அன்றைக்குப் பார்த்திருப்பார்கள். அவர்களைச் சாட்சிக் கையெழுத்துக்கு இழுக்காதீர்கள், அவர்களுக்கும் பிழைப்பு இருக்கிறது. பெயர் மட்டும் உங்கள் நினைவில் இருக்கட்டும்.

"கூப்பிடும்போது வாங்க" என்பதை ஏற்றுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டது சரியில்லை. நாலு வாரம் கழித்து, "சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்" என்று ரெஜிஸ்டரில் எழுதிவிடுவார்கள். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன், என்னை நிறுத்தி வைத்திருந்தால் அதை எழுத்தில் கொடுங்கள் என்று அதே கடிதத்தில் கேளுங்கள். சஸ்பென்ஷன் என்று எழுதிக் கொடுத்தால், விசாரணை முடியும் வரை பிழைப்பூதியம் தர வேண்டும். முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம். தமிழ்நாட்டில் இதற்கென்றே 1981-ல் தனிச் சட்டம் போட்டார்கள். எழுதிக் கொடுக்க மறுத்தால், வேலை தராமல் நிறுத்தி வைத்ததற்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

3,000 ரூபாய் அபராதம்? முடியாது. எந்தெந்தத் தவறுக்கு அபராதம் என்று முன்கூட்டியே பட்டியல் போட்டு ஒட்டியிருக்க வேண்டும், உங்களிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும். அதெல்லாம் நடந்திருந்தாலும் ஒரு சம்பளக் காலத்தில் நூற்றுக்கு 3 ரூபாய்க்கு மேல் அபராதம் பிடிக்கக் கூடாது. வாரச் சம்பளம் 3,200 என்றால் 96 ரூபாய். ஆர்டர் போய்விடும், அதில் நஷ்டம் என்பார்கள். உங்களிடம் ஒப்படைத்த சரக்கை நீங்கள் அஜாக்கிரதையால் கெடுத்தால் பிடிக்கலாம், சரி. முதலாளிக்கு வரப்போகும் வியாபார நஷ்டத்தைச் செக்கிங் வேலை பார்ப்பவரின் சம்பளத்தில் பிடிக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

இப்போது அந்த இரண்டாவது பகுதி, அதாவது குடும்பத்தில் பெரியவருக்கு வேலை. அதே எண்ணம்தான் ஆடிட்டிலும். பிள்ளை வேலை செய்வதைக் கண்டுபிடித்தால் வெளிநாட்டு நிறுவனங்கள் பொதுவாகக் கேட்பது, அந்தப் பிள்ளை பள்ளியில் இருக்கிறதா, அதன் படிப்புக்கு என்ன ஏற்பாடு, குடும்பத்தின் வருமானம் நின்றுபோகாமல் என்ன செய்தீர்கள் என்பதைத்தான். அம்மாவை வேலையை விட்டு நிறுத்திவிட்டோம் என்று பதில் எழுதினால் கம்பெனிக்குத்தான் கேவலம். அதனால் மகளின் பள்ளியில், அங்கே படிக்கிறாள் என்று காட்டும் போனஃபைடு சான்றிதழ் ஒன்று வாங்குங்கள். இந்தப் பிள்ளை ஒழுங்காகப் படிக்கிறாள், விடுமுறையில் ஒரே ஒரு நாள் வந்தாள் என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. ஆடிட்டருக்குப் பதில் எழுத அது கம்பெனிக்கும் தேவைப்படும். ஹெச்.ஆரிடம் பேசும்போது இதைச் சொல்லுங்கள்: நான் இருந்தால்தான் உங்கள் பதில் நிற்கும். சண்டை போடும் குரலில் சொல்ல வேண்டாம்.

பூட்டிய க்ரீச்

இதில் நீங்கள் சொல்வது பாதி சரி. தவறான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். க்ரீச் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு. திறந்தே இருந்திருந்தாலும் 11 வயது மகளை அங்கே விட்டிருக்க முடியாது.

ஆனால் நான்கு வயது மகனை விட்டிருக்கலாமே! அவனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போகும் அவசியம் உங்களுக்கு வந்திருக்கவே கூடாது. பழைய சட்டத்தில் 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் க்ரீச் கட்டாயம். 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது, 50 பேர் வேலை செய்யும் எந்த நிறுவனத்துக்கும் கட்டாயம் என்றார்கள். புதிய தொகுப்பிலும் கணக்கு அந்த 50-ஐச் சுற்றித்தான். எப்படிப் பார்த்தாலும் 400 பேர் இருக்கும் உங்கள் கம்பெனி தப்ப முடியாது. பிள்ளையைப் போய்ப் பார்க்க அம்மாவுக்கு ஒரு நாளைக்கு நான்கு முறை அனுமதி உண்டு, இடைவேளைகளும் சேர்த்து. வேலைக்குச் சேரும்போதே இதையெல்லாம் எழுத்தில் தந்திருக்க வேண்டும். தந்திருக்க மாட்டார்கள்.

ஆடிட் நாளில் மட்டும் திறந்து, பொம்மை இரண்டைத் துடைத்து வைப்பார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இதைக் கேட்க வேண்டும், ஆனால் தனியாக நீங்கள் மட்டும் கேட்காதீர்கள், இப்போதே கேட்காதீர்கள். உங்கள் வேலைப் பிரச்சினை முடியட்டும். அப்புறம் சின்னப் பிள்ளை வைத்திருக்கும் ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து, ஆயாவோடு க்ரீச்சைத் திறக்கச் சொல்லி மனுக் கொடுங்கள். அசையவில்லையென்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலகத்துக்கு ஒரு பிரதி போகட்டும்.

கோபத்தில் 1098-க்கு, அதாவது குழந்தைகள் உதவி எண்ணுக்கு, போன் போட்டுக் கம்பெனி மேல் புகார் கொடுக்கலாமா என்றும் ஓர் இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். உரிமை இருக்கிறது. ஆனால் அங்கே புகாரின் மையம் கம்பெனி இல்லை, உங்கள் மகள்தான். குழந்தைகள் நலக் குழு முன்னால் அவளைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டி வரலாம், "யார் வேலை செய்யச் சொன்னது" என்று அவளிடமே கேட்பார்கள். ஏற்கெனவே தன்னால்தான் எல்லாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளை. ஒரு மணி நேரப் பிசிறுக்காக அவளை அந்த நாற்காலியில் உட்கார வைக்க நான் சம்மதிக்கமாட்டேன். அங்கே தினமும் வேறு பிள்ளைகள் வேலை செய்கிறார்கள் என்றால் மட்டும் கூப்பிடுங்கள், யோசிக்காமல்.

இனிமேல் கூட்டிப் போகவே கூடாதா?

அமெரிக்காவில் 1993-ல், அம்மா அப்பா வேலை செய்யும் இடத்தைப் பெண் பிள்ளைகளுக்கு ஒரு நாள் காட்ட வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். 2003-ல் ஆண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். ஏப்ரல் மாதம் நான்காவது வியாழக்கிழமை. அதைப் பார்த்து நம்மூர் ஐ.டி. கம்பெனிகளிலும் வருடத்தில் ஒரு நாள் பலூன் கட்டி, பிள்ளைகளுக்கு கேக் கொடுத்து, அப்பா நாற்காலியில் உட்கார வைத்துப் போட்டோ எடுக்கிறார்கள். ஏ.சி. அறையில் அது கொண்டாட்டம், செக்கிங் மேசையில் அது குற்றம் என்பது எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் அந்த அறையில் கட்டிங் மிஷினும் அயர்ன் பாக்ஸும் ஓடவில்லை. உங்கள் மகளுக்கு அன்றைக்கு ஏதாவது ஆகியிருந்தால், இ.எஸ்.ஐ.யில் உங்கள் பிள்ளை என்ற முறையில் மருத்துவம் பார்ப்பார்கள், அவ்வளவுதான். வேலையில் அடிபட்டவருக்குக் கிடைக்கும் பணம் அவளுக்குச் சுலபத்தில் கிடைக்காது.

என் அப்பா ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். வருடம் முழுக்க கேட்டுக்கு வெளியே டிபன் கேரியரை நீட்டிவிட்டுத் திரும்பும் நாங்கள், ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும் உள்ளே போவோம். மிஷின்களெல்லாம் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பேச்சுமூச்சில்லாமல் நிற்கும். அப்பா தன் லேத்தைத் தொட்டுக் காட்டி, இது எதற்கு, அது எதற்கு என்று சொல்வார். பொரி, கடலை, சுண்டலை ஒரு காகிதத்தில் கட்டித் தருவார்கள். அவ்வளவு பேசுகிற மனிதர் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். மிஷின் நின்றிருக்கும் நாள் அது. பனியன் கம்பெனிகளிலும் ஆயுத பூஜை விமரிசையாக நடக்கிறது, நீங்கள் அறியாததா? மகளை அன்றைக்குக் கூட்டிப் போங்கள். உங்கள் மேசையைக் காட்டுங்கள். ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாவற்றையும் ஒரு பீஸில் எத்தனை விநாடியில் கண்டுபிடிப்பீர்கள் என்று செய்து காட்டுங்கள்.

அடுத்த மே மாதத்துக்கு இப்போதே யோசியுங்கள். உங்களுக்குச் சேர வேண்டிய சம்பளத்தோடு கூடிய விடுப்பு எத்தனை நாள் பாக்கி என்று கணக்குக் கேளுங்கள். ஆறு வருடத்தில் ஒரு முறையாவது எடுத்தீர்களா என்று எனக்குச் சந்தேகம். லைனில் இரண்டு மூன்று அம்மாக்கள் ஆளுக்கு ஒரு வாரமாக விடுப்பைப் பிரித்து எடுத்து, எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வீட்டில் பார்த்துக்கொள்வதும் நடக்கிற காரியம்தான்.

மகளிடம் பொய் சமாதானம் சொல்லாதீர்கள், பதினொரு வயதுப் பிள்ளைக்குப் புரியும். "உன் கையில டிரிம்மரைக் கொடுத்தது பெரியவங்க செஞ்ச தப்பு, நான் அங்கேயே வேண்டாம்னு சொல்லாததும் தப்பு, உன் மேல ஒண்ணும் இல்ல" என்று சொல்லுங்கள். கம்பெனிக்கு எழுதும் கடிதத்தை அவளுக்கும் படித்துக் காட்டலாம்.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பெண் என்றால் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக் குழு அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். இந்த வாரத்துக்குள் கடிதத்தை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் கம்பெனி சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் தர மறுத்தால் வாசலில் நின்று வாதாட வேண்டாம், அன்றைக்கு மாலையே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பத்து நாளில் பதில் வரவில்லையென்றால் அந்த ரசீதோடு தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்துக்குப் போங்கள்.